வீட்டுக் கணினியைத் தொலைவிலிருந்து திறப்போர் கவனத்திற்கு

விழிஞ்ஞம் துறைமுகத்தில் கப்பலிலிருந்து கொள்கலன்களை இறக்கும் கிரேன்களைக் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்தே இயக்குகின்றனர். அது ஒரே வளாகத்துக்குள் நடைபெறும் பணி. அவ்வூரிலிருந்து வளைகுடா சென்ற ஒருவர் தம் வீட்டுக் கணினியைத் திறக்க வேண்டுமானால் பொது இணையத்தைக் கடந்து வர வேண்டும். பலர் அதற்காக ரவுட்டரில் 3389 என்னும் போர்ட்டைத் திறந்துவிடுகின்றனர். இது தவறு என்பதே என் கருத்து.

விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான போர்ட் அது; களவு நிரல்கள் ஓயாது தட்டிப் பார்க்கும் கதவும் அதுவே. 2019 மே மாதத்தில் அச்சேவையின் குறையொன்றைச் சரிசெய்ய, ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட நேர்ந்தது. எண்ணை மாற்றிவிட்டேன் என்பார் சிலர். கதவிலக்கத்தை மாற்றினால் பூட்டு வலுப்பெறுமா? ரவுட்டரில் விபிஎன் அமைத்து, அதன் வழியாக மட்டும் கணினியை அடைவதே தக்கது. பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிரும் இணைப்புகளில் இவ்வழி செல்லாது. அங்கே வீட்டுக் கணினியே வெளிநோக்கித் தொடங்கும் விபிஎன் சேவை வேண்டும்.

அக்கணினியின் பிரவுசரில் நெட்பேங்கிங் கடவுச்சொல்லைச் சேமித்து வைக்காதீர்கள். எனிடெஸ்க் செயலியின் 9 இலக்க எண்ணைக் கேட்டுப் பெற்று நடந்த மோசடிகள் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. அந்த எண்ணை எந்த வங்கியும் கேட்பதில்லை; கேட்பவரிடம் பேச்சை நிறுத்துங்கள். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள்.