உப்பு நிற்கும் இடம்

சம்பா அறுவடை முடிந்து வைக்கோலும் போர் ஏறிய பிறகு, நாகப்பட்டினம் கடலோரத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் கணவனும் மனைவியும் இரண்டு நாள் பயணமாகப் பிச்சாவரம் புறப்பட்டார்கள். கோயில், விசேஷம், துக்கம் தவிர இருவரும் சேர்ந்து வெளியூர் போனது இதுதான் முதல் தடவை. சுற்றிப் பார்ப்பது மட்டும் நோக்கமில்லை. நிலத்தில் பாதி உப்புப் பூத்துவிட்டது. இறால் குட்டைக்குக் குத்தகை கேட்டு ஒருவர் வந்து போயிருந்தார். அந்தப் பணம் வந்தால் மகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும். அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பேருந்து. மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகே போதும் என்றார் மனைவி. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் காடும் கால்வாய்களும். நீரோரம் வேர் ஊன்றி நிற்கும் சுரபுன்னை, அதற்குப் பின்னால் வெண்கண்டல். இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் காட்டிலும் ஒரு காலத்தில் உப்புத் திட்டுகள் இருந்தன. 1970-கள் வரை பகுதி பகுதியாக மரம் வெட்டினார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து, அமுங்கி, தொட்டி போலானது. உள்ளே வந்த கடல்நீர் திரும்ப வழியின்றித் தேங்கி வற்றியது. உப்பு ஏறி, செடி முளைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டின. நீர் ஏறி இறங்க வழி கிடைத்ததும் உப்புக் குறைந்தது. நட்ட கண்டல் பிழைத்தது. 2022-இல் பிச்சாவரம் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

"ஏங்க, நம்ம வயல்லயும் தண்ணி வடியறதில்லையே. கடைசி வடிகால் தூர்ந்து எத்தனை வருஷமாச்சு?" என்றார் மனைவி.

மறுநாள் முழுக்க அதே பேச்சு. கேரளத்தின் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் நெல், பிறகு இறால். வியட்நாமின் மேகாங் கழிமுகத்திலும் இப்படிச் செய்கிறார்கள். மழை நீர் உப்பைக் கழுவிய பிறகே அங்கே நெல் நடுகிறார்கள். வருடம் முழுக்க உப்புநீர் தேக்கும் குட்டை வேறு. அது பக்கத்து வயலையும் கிணற்றையும் கெடுக்கும். விளைநிலத்தை இறால் பண்ணையாக்கக் கூடாது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றும் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதியாமல் பண்ணை நடத்த முடியாது.

ஊர் திரும்பியதும் குத்தகைக்காரரிடம் "இல்லை" என்றார்கள். கல்லூரிச் செலவு இன்னும் கவலைதான். ஆனால் பக்கத்து நிலத்துக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு வடிகால் தூர் வாரும் வேலை தொடங்கிவிட்டது.

வாசகர் கேள்வி: உப்புப் பூத்த வயலில் ஜிப்சம் போட்டால் சரியாகுமா?

பதில்: மண் பரிசோதனை செய்யாமல் போடாதீர்கள். மின்கடத்தும் திறன் 4-க்கு மேல் இருந்தால் உவர் நிலம்; அதற்கு மருந்து நல்ல நீரும் வடிகாலும். கார அமில நிலை 8.5-க்கு மேல் போய், சோடியம் மிகுந்திருந்தால் களர் நிலம், அதற்குத்தான் ஜிப்சம். அப்போதும் வடிகால் வேண்டும். உவரைத் தாங்கும் களர்பாளை, குழியடிச்சான் போன்ற நாட்டு ரகங்களை முதலில் சிறு பாத்தியில் நட்டுப் பாருங்கள்.