பெயரை மாற்றினால் பாவம் மாறுமா?



தீமைக்கு நன்மை என்று பெயர் சூட்டுவோரை ஏசாயா தீர்க்கதரிசி கடுமையாக எச்சரித்தார். அந்த எச்சரிப்பின் பொருளை உணர்த்தும் ஒரு வரலாறு பிரித்தானியாவில் உண்டு. வாசிக்கக் கசப்பானது, ஆயினும் பிள்ளைகளைப் பெற்றோரும் வளர்ப்போரும் அறிந்திருக்க வேண்டியது.

1974ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் 'பீடோஃபைல் இன்ஃபர்மேஷன் எக்ஸ்சேஞ்ச்' என்றொரு சங்கம் தோன்றியது. சிறுவர் சிறுமியர் மீது பாலியல் இச்சை கொண்ட பெரியவர்கள் அமைத்த சங்கம் அது. மறு ஆண்டே அது லண்டனுக்கு இடம்பெயர்ந்தது. பாலுறவுக்கான இசைவு வயதைச் சட்டத்திலிருந்தே அகற்ற வேண்டும் என்று அரசின் குற்றவியல் சட்டத் திருத்தக் குழுவிடம் மனு அளித்தது.

அந்த வயது வரம்பு எளிதில் கிடைத்த வேலி அன்று. சிறுமியருக்கு 13 என்றிருந்ததை 16 என்று உயர்த்தியது 1885ஆம் ஆண்டுச் சட்டம். ஜோசபின் பட்லர் அம்மையாரும் இரட்சணிய சேனையாரும் அதற்காக எத்தனையோ ஏளனங்களைச் சுமந்து போராடினார்கள். அந்த வேலியைத்தான் இந்தச் சங்கத்தார் பிடுங்கியெறியத் துணிந்தார்கள்.

அவர்கள் கையாண்ட ஆயுதம் சொற்களே. இச்சைக்கு 'அன்பு' என்றும், சுரண்டலுக்கு 'விடுதலை' என்றும், குற்றவாளிக்கு 'ஒடுக்கப்பட்ட சிறுபான்மையினன்' என்றும் பெயரிட்டார்கள். கற்றோர் சிலர் அந்தப் பெயர்களில் மயங்கினார்கள். குடிமக்களின் சுதந்திரங்களுக்காகப் போராடிவந்த ஒரு தேசிய அமைப்பு, இந்தச் சங்கத்தைத் தன் இணைப்பு அமைப்புகளுள் ஒன்றாகப் பல ஆண்டுகள் வைத்திருந்தது.

"பிள்ளையும் இசைகிறதே" என்பது அவர்களது வாதம். நான் கேட்கிறேன்: மறுக்க இயலாதவர் தரும் இசைவு இசைவாகுமா? உணவுக்கும் உறைவிடத்துக்கும் அரவணைப்புக்கும் பெரியவரின் முகத்தையே நோக்கியிருக்கும் பிள்ளை, அந்தப் பெரியவரை எதிர்த்து 'இல்லை' என்று எவ்வாறு சொல்லும்? தன்னிடம் கேட்கப்படுவது இன்னதென்றே அறியாத பிள்ளை எதற்கு இசையும்? பிள்ளையின் மௌனத்தைச் சம்மதமாக எழுதிக்கொள்வது விடுதலை அன்று, களவு.

சமுதாயம் இந்தப் பொய்யை ஏற்கவில்லை. 1977இல் லண்டன் கான்வே ஹாலில் சங்கத்தார் கூட்டம் நடத்தியபோது எதிர்ப்பாளர்கள் திரண்டார்கள். 1978இல் சிறுவரின் ஆபாசப் படங்களைக் குற்றமாக்கும் சட்டம் நிறைவேறியது. 1981இல் சங்கத்தின் முன்னாள் தலைவருக்கு, பொது ஒழுக்கத்தைக் கெடுக்கச் சதி செய்ததற்காக இரண்டாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. 1983இல் அந்தத் தேசிய அமைப்பு சங்கத்தை வெளியேற்றியது. 1984இல் சங்கமே கலைந்தது. அந்தத் தேசிய அமைப்பின் பொதுச் செயலாளராக அக்காலத்தில் இருந்த பட்ரீஷியா ஹியூவிட், 2014இல், தாம் தவறிழைத்ததாக ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார்.

இத்துடன் நிறுத்திவிட்டால் நமக்கு ஆறுதலாக இருக்கும். "உலகம் கெட்டது, நாம் பரிசுத்தர்" என்று வீடு திரும்பலாம். ஆனால் அதே பிரித்தானியாவில் மற்றொரு கணக்கும் உண்டு. இங்கிலாந்துத் திருச்சபையைப் பற்றி 2020இல் வெளியான அரசு விசாரணை அறிக்கையின்படி, 1940கள் முதல் 2018 வரை, குருமாரும் திருச்சபையில் நம்பிக்கைப் பொறுப்பு வகித்தோருமாக 390 பேர் சிறுவருக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். குற்றவாளிகள் ஒளிந்துகொள்ள ஏற்ற சூழல் அந்தத் திருச்சபைக்குள் நிலவியதை அவ்வறிக்கை எடுத்துரைத்தது.

பெயர்ப்பலகை மாட்டிய தீமையை விரட்டுவது எளிது. அங்கி தரித்து, ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தி, ஜெபிக்கத் தெரிந்த தீமையை நாம் என்ன செய்தோம்? அவர்கள் 'அன்பு' என்று பெயரிட்டு மறைத்தார்கள். நாம் 'மன்னிப்பு' என்றும் 'சபையின் நற்பெயர்' என்றும் பெயரிட்டு மறைக்கிறோம்.

இதை எழுத எனக்குத் தகுதி உண்டோ என்று தயங்குகிறேன். ஊழியத்தின் தொடக்க நாட்களில் ஒரு தாய் தம் மகளைக் குறித்து, சபையில் மதிக்கப்பட்ட ஒருவர்மீது குறை கூறி வந்தார். "பொறுமையாயிருங்கள் அம்மா, ஜெபிப்போம்" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். நான் விசாரிக்கவில்லை. அந்தக் குடும்பம் அதன்பின் ஆலயத்துக்கு வரவில்லை. அன்று என் ஜெபம் விசுவாசத்தால் எழுந்ததன்று; கோழைத்தனத்தால் எழுந்தது. கர்த்தரிடத்தில் அதை அறிக்கையிட்டேன். இன்று உங்களிடத்திலும் அறிக்கையிடுகிறேன்.

சிறியரில் ஒருவருக்கு இடறலாய் இருப்பவனைப் பற்றிப் பேசியபோது நம் ஆண்டவர் ஏந்திரக்கல்லை நினைவூட்டினார். அந்தக் கடுஞ்சொல் வெளியாருக்கு மட்டும் உரியதன்று. அதைக் கேட்டவர்கள் அவருடைய சொந்தச் சீஷர்கள்.

ஆகையால், பிரியமானவர்களே, பிள்ளை பேசும்போது முதலில் கேளுங்கள். ஆள் பெரியவர், ஊழியக்காரர், உறவினர் என்பதற்காகப் பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள். நம் நாட்டின் போக்சோ சட்டம் இத்தகைய குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மூப்பர் கூடிப் பேசி முடிக்கும் காரியமன்று இது. பாவம் செய்தவன் மனந்திரும்பலாம். ஆனால் அவன் மனந்திரும்புதல் பிள்ளைக்குரிய நீதிக்கு ஈடாகாது.

பிதாவே, சிறியரின் குரலைக் கேட்கும் செவியையும், கேட்டபின் மௌனமாயிராத துணிவையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.