லீவு லெட்டர்: ஊட்டிக்கு டாட்டா... வடுவூருக்கு ஜே!

செமஸ்டர் முடிஞ்சுதா? கடைசி பேப்பர்ல விட்ட கேள்விகளை மறந்தாச்சா? குட்! ஒவ்வொரு வாரமும் 'லீவு லெட்டர்'ல எதை எதையோ பேசறோம். இந்த வாரம் லீவைப் பத்தியே பேசுவோம்.

நவம்பர் மாசக் கடைசி வந்தாலே எல்லா ஹாஸ்டல்லயும் ஒரு பட்டிமன்றம் நடக்கும். தலைப்பு: 'செமஸ்டர் லீவுக்கு எங்கே போறது?' போன வருஷம் எங்க ரூம்லயும் நடந்துச்சு. ஊட்டிக்கு நாலு ஓட்டு, கொடைக்கானலுக்கு மூணு ஓட்டு, 'வீட்லயே தூங்கலாம்'னு ஒரு செல்லாத ஓட்டு. ஜெயிச்சது ஊட்டி. தலைக்கு 4,500 ரூபாய். மெக்கானிக்கல் நண்பன் ஸ்வெட்டர் கடன் கேட்கவே கிளம்பிட்டான்.

நான் அப்பாவுக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். ரெண்டு செகண்ட் சத்தமே இல்லை. அப்புறம், 'பார்ப்போம்ப்பா'ன்னார். எங்க வீட்டு டிக்‌ஷனரியில 'பார்ப்போம்'னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் நப்பாசை. அந்த சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பிட்டேன்.

தஞ்சாவூர் - மன்னார்குடி ரோட்ல இறங்கி ரெண்டு கிலோமீட்டர் நடந்தா எங்க ஊர். சாப்பாடு போட்ட அம்மா கழுத்துல மஞ்சக் கயிறு மட்டும்தான் இருந்துச்சு. 'செயின் எங்கம்மா?'ன்னு கேட்டேன். 'சொசைட்டியில பத்திரமா இருக்கு. நீ ரசத்தை ஊத்திக்க'ன்னாங்க. அதுக்கப்புறம் நான் ஊட்டியைப் பத்தி வாயே திறக்கலை.

இதுல ஒரு கணக்கு இருக்கு மக்களே. டெல்டாவுல சம்பா நெல்லுக்கு ஆவணி, புரட்டாசியில செலவு ஆரம்பிக்கும். உழவு, விதை, நடவு, களையெடுப்பு, உரம்னு கார்த்திகை வரைக்கும் காசு போய்க்கிட்டே இருக்கும். வர்றது எப்போ? தை, மாசியில அறுத்து, வித்த பிறகு! அதாவது டிசம்பர்லதான் ஒரு விவசாயி வீட்டுப் பெட்டி துடைச்சு வச்ச மாதிரி இருக்கும். நம்ம செமஸ்டர் லீவு வர்றதும் கரெக்டா அதே டிசம்பர்! இந்த டைம்டேபிளைப் போட்ட புண்ணியவானுக்கு வயல் வரப்பு ஏதும் இல்லைபோல!

திரும்பி வந்து கேங்ல சொன்னேன்: 'நான் வரலைடா. ஊட்டி செம போர்.' உண்மையைச் சொல்ல கூச்சம். சேலத்துக்காரன் விடலை. 'ஊட்டி போர்னா உங்க ஊர்ல மட்டும் என்னடா இருக்கு?' வாய் சும்மா இருக்குமா? 'வந்து பாருடா!'ன்னுட்டேன். நாலு பேர் நிஜமாவே வர்றேன்னுட்டானுங்க!

அப்புறம்தான் மண்டை காய்ஞ்சுது. எப்போ வரச் சொல்றது? எங்கே கூட்டிப் போறது? ரெண்டு வேரியபிள், ஆயிரம் கண்டிஷன். மேத்ஸ் பேப்பர்ல வந்திருந்தா விட்டுட்டு வந்திருப்பேன். வீட்டு மானம் ஆச்சே!

எப்போ?

எங்க ஊர்ல குளிர்காலம்னா பனி கொட்டாது பாஸ். மார்கழி ராத்திரியில 20, 21 டிகிரி. அதுக்கே எங்க அப்பாயி தலையில மஃப்ளர் கட்டிக்கும்! இங்கே நாம பார்க்க வேண்டியது குளிரை இல்லை, மழையை.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில டூர் பிளான் போடாதீங்க. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, ஒரே ராத்திரியில டெல்டாவோட தென்னந்தோப்புகளைச் சாய்ச்சுட்டுப் போச்சு. 'சரி, டிசம்பர் கடைசி சேஃப்'னு நினைக்கறீங்களா? தானே புயல் கடலூர், புதுச்சேரியைப் புரட்டிப் போட்டது 2011 டிசம்பர் 30. அதனால ரேடியோ, டி.வி-யில வானிலை கேட்காம பையைத் தூக்காதீங்க.

பொங்கல் நேரமும் வேணாம். பஸ்ல நிக்க இடம் கிடைக்காது. பொங்கல் முடிஞ்சா அறுவடை மெஷின் வயல்ல இறங்கிடும். அப்போ ஊர்ல யாருக்கும் உங்களைக் கவனிக்க நேரம் இருக்காது. ஜனவரி 28-ம் தேதி மேட்டூர் அணையை மூடறது வழக்கம். அதுக்கப்புறம் வந்தா ஆத்துல மணலைத்தான் பார்க்கலாம். ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல்ங்கறது வழக்கம்தானே தவிர, சத்தியம் இல்லை. 2023-ல அணையில தண்ணி இல்லாம அக்டோபர்லயே மூடினாங்க. 2024-ல ஜூலை 28-ம் தேதிதான் திறந்தாங்க.

எல்லாத்தையும் கழிச்சுப் பார்த்தா மிஞ்சறது ஜனவரி 2-ல இருந்து 12 வரைக்கும். மார்கழியோட கடைசிப் பத்து நாள். மழை பெரும்பாலும் ஓய்ஞ்சிருக்கும். வாய்க்கால்ல தண்ணி ஓடும். கதிர் முத்தித் தலை சாய்ஞ்சு, பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவுல ஒரு நிறத்துல வயல் நிக்கும். வயல்ல வேலை குறைச்சலா இருக்கறதும் இந்தப் பத்து நாள்தான். ஆன்சர் கிடைச்சாச்சு!

எங்கே?

முதல் நாள் வடுவூர். தஞ்சாவூர் - மன்னார்குடி ரோட்லயே இருக்கற ஏரி. நவம்பர்ல இருந்து பறவைகள் வந்து இறங்கும். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், ஊசிவால் வாத்துன்னு ஒரு சர்வதேச மாநாடே நடக்கும். 2022-ல ராம்சர் பட்டியல்லயும் சேர்த்துட்டாங்க. விடியறதுக்கு முன்னாடி நாலு பேரையும் எழுப்பி இழுத்துட்டுப் போனேன். 'நைட் ஸ்டடிக்கே நான் இந்த நேரத்துக்கு முழிச்சதில்லைடா'ன்னு புலம்பினவன், வெளிச்சம் வந்ததும் கப்சிப். சைபீரியா பக்கமிருந்து டிக்கெட் இல்லாம வர்ற வாத்துகளுக்கு 'எப்போ, எங்கே'ங்கற குழப்பமே இல்லை!

ரெண்டாம் நாள் கல்லணை. காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய்னு தண்ணி பிரியற இடம். கல்லணைக் கால்வாயை எங்க பக்கம் புது ஆறுன்னுதான் சொல்வோம். சிவில் நண்பன் மதகுப் பக்கத்துல நின்னு மண்ணுல அடித்தளம் போட்ட கதையை அரை மணி நேரம் லெக்சர் அடிச்சான். எக்ஸாம்ல இதே சப்ஜெக்ட்ல அவன் அரியர்ங்கறது தனிக் கதை! வர்ற வழியில திருவையாறு. ஒரு பிளேட் அசோகா அல்வா அஞ்சு ஸ்பூனோட. தியாகராஜர் 1847-ல மறைஞ்ச ஊர் இது. வருஷா வருஷம் ஆராதனை நடக்கும். பெரிய வித்வான்களும் பாட்டுக் கத்துக்கற பசங்களும் ஒண்ணா உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனை பாடுவாங்க. கேட்கறதுக்குக் காசு கிடையாது. தேதி மட்டும் திதியைப் பொறுத்து ஜனவரி, பிப்ரவரின்னு மாறும். காலண்டரைப் பார்த்துக்குங்க. சாயங்காலம் பெரிய கோயில். 1010-ல முடிச்ச கோபுரம், வெயில் சாயற நேரத்துல தேன் கலர்ல நிக்கும். போட்டோ எடுக்கறதை நிறுத்திட்டு அஞ்சு நிமிஷம் புல்தரையில மல்லாந்து படுத்துப் பாருங்க.

மூணாம் நாள் கோடியக்கரை. வேதாரண்யம் வழியா பஸ். ரெண்டு பக்கமும் உப்பளம். 1930-ல ராஜாஜி திருச்சியில இருந்து நடந்து வந்து உப்பு அள்ளினது இந்த வேதாரண்யத்துலதான். சரணாலயத்துல வெளிமான் துள்ளும். எப்பவோ வீட்டுல வளர்ந்து, அப்புறம் காட்டோட போன குதிரைகள் மேயும். அதிர்ஷ்டம் இருந்தா பூநாரைக் கூட்டம். நாங்க பார்த்தது தூரத்துல ஒரு வெள்ளைக் கோடுதான். பைனாகுலர் கொண்டு போகாதது தப்பு. நீங்க கடன் வாங்கியாவது கொண்டு போங்க!

நாலாம் நாளுக்கு பிளானே இல்லை. பம்ப்செட் குளியல். மார்கழிக் காலையில போர் தண்ணி வெதுவெதுன்னு கொட்டும். ஹீட்டரே தேவையில்லை. அப்புறம் வரப்புல உட்கார்ந்து கதை. மத்தியானத் தூக்கம். கேட்டா, நாலு பேருக்கும் பிடிச்ச நாள் அதுதானாம்!

இன்னும் டைம் இருக்கறவங்களுக்கு எக்ஸ்ட்ரா ரெண்டு: 1620-ல டேனிஷ்காரங்க கட்டின கோட்டை இருக்கற தரங்கம்பாடி. நெப்போலியன் தோத்ததுக்கு சரபோஜி மன்னர் கடலோரத்துல எழுப்பின மனோரா. நெப்போலியனுக்கும் மல்லிப்பட்டினத்துக்கும் என்னய்யா சம்பந்தம்னு யோசிச்சுக்கிட்டே பஸ் ஏறுங்க.

செலவு? பஸ்ஸு, டீ, அல்வா எல்லாம் சேர்த்து தலைக்கு ஆயிரத்தைத் தாண்டலை. தங்கினதும் சாப்பிட்டதும் வீட்ல. அம்மாதான் நாலு நாளும் அடுப்படியை விட்டு நகரலை. அவங்களுக்கு அது லீவு இல்லைங்கறது எனக்கு மூணாம் நாள்தான் உறைச்சுது. நாலாம் நாள் நாங்க அஞ்சு பேரும் சேர்ந்து சாம்பார் வச்சோம். 'நல்லாத்தான் இருக்கு'ன்னு அம்மா சொன்னாங்க. 'தான்'ல இருந்த அழுத்தத்தை நான் கவனிக்கலைன்னு நினைச்சுக்கிட்டாங்க!

அன்னிக்கு ராத்திரி திண்ணையில அப்பாவும் எங்ககூட உட்கார்ந்திருந்தார். சேலத்துக்காரன் சும்மா இல்லாம, 'உங்களுக்கு எப்ப அங்கிள் லீவு?'ன்னு கேட்டுட்டான். அப்பா சிரிச்சார். 'மழை பேஞ்சா லீவுதான் தம்பி. ஆனா, அன்னிக்குத்தான் தூக்கம் வராது.'

அவன் புரியாம முழிச்சான். நான் எதுவும் சொல்லலை. 2021 ஜனவரியில, அறுக்கற நேரத்துல பெஞ்ச மழையில கதிர் தண்ணிக்குள்ள படுத்தது எனக்கு ஞாபகம் இருக்கு. 2023 பிப்ரவரியில மறுபடியும். நெல்லுல ஈரப்பதம் 17 சதவிகிதத்தைத் தாண்டினா கொள்முதல் நிலையத்துல எடுக்க மாட்டாங்க. சில வருஷம் அரசாங்கம் தளர்த்தும், அதுவரைக்கும் காய வச்சுக் காய வச்சுக் காத்திருக்கணும். தார்ப்பாயைப் போர்த்தி, நெல் குவியல் பக்கத்துலயே கட்டிலைப் போட்டு அப்பா படுத்துக்குவார். எனக்குத் தெரிஞ்சு அவர் வீட்டை விட்டு வெளியில தங்கினது அங்கே மட்டும்தான்.

மாசி மாசம் ஒரு நாள் அப்பா போன் பண்ணினார். நெல் போட்டாச்சாம். செயினும் வீட்டுக்கு வந்தாச்சாம். சுத்தி வளைச்சுக் கடைசியில கேட்டார்: 'அந்த ஊட்டி, எவ்வளவுடா சொன்ன?'

'அது அப்பவே முடிஞ்சிடுச்சுப்பா.'

'இல்லடா... நாம போவோம். அம்மாவும் பார்த்ததில்லை. அங்க உருளைக்கிழங்கு எப்படிப் போடறானுங்கன்னு நானும் பார்க்கணும்.'

உடனே ஹாஸ்டல் காலண்டரை எடுத்துட்டேன். அறுக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே நெல் வயல்ல உளுந்து தெளிச்சிருப்பார். அதை எடுக்க ஏப்ரல் ஆயிடும். ஏப்ரல், மே எனக்கு செமஸ்டர். ஜூன் 12-ல மேட்டூர் திறந்தா அவர் நாத்தங்காலுக்குப் போயிடுவார். கழிச்சுக் கழிச்சுப் பார்த்தா எங்க ரெண்டு பேர் லீவும் ஒண்ணு சேர்றது மே கடைசி வாரம் மட்டும்தான். ஊட்டியில உச்சக்கட்ட சீஸன். ரூம் வாடகை கண்ணைக் கட்டும். 2024 மே மாசத்துல கொண்டுவந்த இ-பாஸ் விவகாரத்தை வேற விசாரிக்கணும்.

பரவாயில்லை. ரூம் தேட ஆரம்பிச்சுட்டேன். மலிவா நல்ல இடம் தெரிஞ்சவங்க எழுதுங்க ப்ளீஸ். மூணு பேர், ரெண்டு ராத்திரி. அப்பாவுக்கு ஸ்வெட்டர் மெக்கானிக்கல்காரன் தர்றேன்னுட்டான்!

அடுத்த வாரம் சந்திப்போம் மக்களே. அதுவரை... லீவை என்ஜாய் பண்ணுங்க!