நலத்திட்டத்தை யாரோடு சேர்ந்து அளப்பது? மதிப்பீடு குறித்த எங்கள் நிலைப்பாடு

உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தரவேண்டிய ரேஷன் அரிசிக்குப் பதிலாக, 2015 செப்டம்பரில் புதுச்சேரியில் வங்கிக் கணக்குக்குப் பணம் வரத் தொடங்கியது. புதுச்சேரி அரசின் இலவச அரிசியும் பிறகு பணமானது. துணைநிலை ஆளுநருக்கும் அமைச்சரவைக்கும் இதில் மூண்ட தகராறு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2020இல் அப்போதைய முதலமைச்சரின் மனு தள்ளுபடியானது. 2024 அக்டோபரில், தீபாவளிக்கு முன்பாக, இடையில் மூடிக் கிடந்த ரேஷன் கடைகள் மறுபடி திறக்கப்பட்டன.

நலத்திட்ட மதிப்பீடுகளை ஏற்று நடத்தும் நாங்கள், அரிசியா பணமா என்ற வாதத்தில் ஒரு பக்கம் சேரவில்லை. உறுப்பினர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. ஆனால் ஒன்றில் எங்களுக்குச் சந்தேகமில்லை. எந்த நலத்திட்டமானாலும், அதை மதிப்பிடும் வேலை பயனாளிகளோடும் அடிமட்ட ஊழியர்களோடும் உட்கார்ந்து கேள்விகளை எழுதுவதில் தொடங்க வேண்டும். எந்த முறையில் அளப்பது என்ற முடிவு அதற்குப் பிறகுதான். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். முறை டெண்டரிலேயே எழுதப்பட்டிருக்கும். மக்கள் மாதிரிப் பட்டியலில் ஓர் எண்ணாக வந்து சேர்வார்கள்.

பணத் திட்டத்திலிருந்தே இதைக் காட்டலாம். நிதி ஆயோக்கின் ஏற்பாட்டில், ஜே-பால் ஆய்வு நிறுவனம் புதுச்சேரி, சண்டிகர், தாத்ரா நாகர் ஹவேலி மூன்றிலும் 2016 தொடங்கி மூன்று சுற்றாக வீடு வீடாகக் கேட்டது. அரசுப் பதிவேட்டின்படி பணம் போய்ச் சேராதது 1 சதவீதத்துக்கும் குறைவு. மூன்றாம் சுற்றில்கூடச் சுமார் 20 சதவீதம் பேர் தங்களுக்குரிய தொகை முழுதாகக் கிடைக்கவில்லை என்றார்கள். அதே சுற்றில் மூன்றில் இரண்டு பங்கினர் பணமே மேல் என்றும் சொன்னார்கள். மக்களின் இந்த இரண்டு பதில்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். முதலாவதை மட்டும் மேற்கோள் காட்டுவது எவ்வளவு வசதியோ, இரண்டாவதை மட்டும் காட்டுவதும் அவ்வளவே வசதி.

பதிவேடு பொய் சொல்லவில்லை. பணம் ஏதோ ஒரு கணக்கில் விழுந்திருக்கும். ஆதார் இணைத்தது எந்தக் கணக்கோடு என்று வீட்டில் தெரியாது, குறுஞ்செய்தி வராது, பாஸ்புக்கில் வரவு பதிந்திருக்காது. ‘பணம் வந்ததா?’ என்று கேட்டால் ‘வரல’ என்பதுதான் பதில். ‘எந்தக் கணக்குக்கு, எந்தத் தேதியில், போய் எடுத்தது யார், அன்றைக்குக் கடையில் அரிசி கிலோ என்ன விலை?’ என்று கேட்டிருந்தால் கோளாறு எங்கே என்று பிடிபட்டிருக்கும். இந்த நாலு கேள்வியும் சிவப்பு அட்டை (வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கானது) வைத்திருக்கும் பெண்கள் பத்துப் பேரோடு ஒரு மாலை பேசினால் தாமாகவே வந்து விழும். குடும்பத் தலைவி பெயரில்தான் அட்டை என்கிறது சட்டம். அந்தப் பணம் அவர் கையில் நின்றதா என்பதை எந்த வங்கியும் பதிவு செய்வதில்லை.

யாரைக் கேட்பது என்பதிலும் எங்களுக்குத் தெளிவான கருத்து உண்டு. கடைகள் மூடிக் கிடந்த காலத்தில் சம்பள பாக்கிக்காகத் தெருவில் நின்ற ரேஷன் ஊழியர்கள் அரிசியைத்தான் ஆதரிப்பார்கள், அவர்களுக்குச் சுயலாபம் இருக்கிறது என்று ஒதுக்குகிறார்கள். பணத்தை ஆதரிக்கும் அலுவலகத்துக்கு மட்டும் லாபம் இல்லையா? அவரவர் லாபம் எது என்று குறித்துக்கொண்டு, எல்லோரையும் கேட்க வேண்டும். பயனாளிப் பட்டியலிலிருந்து மட்டும் மாதிரி எடுத்தால், அட்டையே கிடைக்காத வாடகைக் குடித்தனக்காரர் எந்தச் சுற்றிலும் அகப்பட மாட்டார். விண்ணப்பம் தள்ளுபடியானவர்களின் பட்டியலும் மேசைக்கு வர வேண்டும்.

நேரமும் முறையின் ஒரு பகுதியே. காலை பதினொரு மணிக்கு வார்டு கூட்டம் போட்டால் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் வர வழியில்லை. மீனவர் பகுதிகளான வைத்திக்குப்பத்திலும் வம்பாகீரப்பாளையத்திலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் கேட்டால் ஒரு பதில், படகு கடலுக்குப் போகும் மாதத்தில் கேட்டால் இன்னொரு பதில். இரண்டும் உண்மைதான்.

குலுக்கல் முறையில் குழு பிரித்து ஒப்பிடும் ஆய்வுகளுக்கு நாங்கள் எதிரிகள் அல்லர். அரிசியைப் பணமாக ஒவ்வொரு கொம்யூன் பஞ்சாயத்தாக மாற்றியிருந்தால் அப்படி ஒப்பிட்டிருக்கலாம். எல்லா இடத்திலும் ஒரே வீச்சில் மாற்றிவிட்டு, பிறகு பலன் என்ன என்று கேட்டால் எதோடு ஒப்பிடுவது? பணம் சேர்ந்ததா என்பதற்குக் கணக்கெடுப்பு போதும். ஏன் சேரவில்லை என்பதற்கு உட்கார்ந்து பேச வேண்டும். பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டார்களா என்பதற்கு அங்கன்வாடியின் எடைப் பதிவேட்டையும் புரட்ட வேண்டும்.

சட்டம் இதற்கு வழி வைத்தே இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்போ மாநில அரசு அதிகாரம் தரும் வேறு அமைப்போ அவ்வப்போது சமூகத் தணிக்கை நடத்தி முடிவுகளை வெளியிட வேண்டும் என்கிறது. புதுச்சேரியிலோ 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது; அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தபின் தேர்தலே இல்லை. தேர்தல் நடக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அட்டைதாரர்கள், ரேஷன் ஊழியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், மாற்றுத்திறனாளிகள் அடங்கிய வார்டு தணிக்கைக் குழுக்களுக்கு அரசு இந்தப் பிரிவின்படியே அதிகாரம் தரலாம். திறந்த கடைகளிலிருந்தே தொடங்கட்டும்: எடை, அரிசியின் தரம், கடை திறந்த நாட்கள்.

எங்கள் பங்குக்கு, நாங்கள் ஏற்கும் எந்த மதிப்பீட்டிலும் கேள்வித்தாளைப் பயனாளிகளிடம் காட்டித் திருத்திய பிறகே களத்துக்குப் போவோம். முடிவுகளைத் தமிழில் இரண்டு பக்கத்துக்குள் எழுதி, கேட்ட தெருவிலேயே வாசித்துக் காட்டி, மறுப்பு வந்தால் அதையும் சேர்த்துத் துறையிடம் கொடுப்போம். இதற்கு இடம் தராத ஒப்பந்தம் எவ்வளவு தொகைக்கு வந்தாலும் கையெழுத்திட மாட்டோம்.