ஜாக்கி ராபின்ஸனின் கோரிக்கை

அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் கோஷ்டிகளில் கறுப்பருக்கு இடமில்லையென்ற தடையை 1947 ஏப்ரல் 15ந் தேதி தகர்த்தவர் ஜாக்கி ராபின்ஸன். முதலாளிகள் அதை எழுதாத உடன்படிக்கையாலேயே ஏறக்குறைய 60 ஆண்டு காத்து வந்தனர். வசைமாரியின் நடுவே புரூக்ளின் கோஷ்டிக்காக ஆடி, 1949ல் தமது லீகின் தலைசிறந்த ஆட்டக்காரரென்ற விருதையும் அவர் பெற்றார். முதலாளிகளின் தயாளத்தை மெச்சுவோர் (அத்தகையோர் எந்நாட்டிலும் உண்டு) பின் நடந்ததைப் பேசுவதில்லை. 1972 அக்டோபர் 15ந் தேதி, வெள்ளிவிழாவென்று தம்மைக் கௌரவித்த மைதானத்திலேயே, கோஷ்டியை நடத்தும் மானேஜர் பதவியிலும் ஒரு கறுப்பரைக் காண விரும்புவதாக அவர் பகிரங்கமாகக் கூறினார். ஒன்பதாம் நாள் காலமானார். 1975ல்தான் பிராங்க் ராபின்ஸன் என்ற கறுப்பர் கிளீவ்லண்டு கோஷ்டியின் மானேஜராகப் பணி தொடங்கினார். ஆட விட்டவர்கள் அதிகாரத்தைக் கொடுக்க 28 ஆண்டு தயங்கினர். இதுவா தயாளம்?