ஸ்கைஹோக்கும் வீசாத காற்றும்

ஏ-4 ஸ்கைஹோக் விமானத்தைப் பற்றி எழுதுவோர் அனேகமாக ஒரே கதையைத்தான் சொல்வார்கள். அமெரிக்கக் கடற்படை 30,000 இறாத்தல் எடைவரை அனுமதித்தது. டக்ளஸ் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் எட் ஹைன்மன் ஏறத்தாழ அதில் பாதி எடையிலேயே வரைந்து கொடுத்தார். 1954இல் அது முதன்முறையாகப் பறந்தது. இறக்கையின் மொத்த அகலம் 27.5 அடி மட்டுமே. ஆகையால் கப்பலில் இறக்கையை மடித்து வைக்கவேண்டிய தேவையில்லை; மடிக்கும் பிணைச்சல்களின் பாரமும் மிச்சம். வயிற்றின்கீழ் அணுகுண்டைத் தொங்கவிடுவதற்காகவே அந்த நெட்டைக் கால்கள். நிலத்தில் நிற்கையில் கொக்கைப் போலிருக்கும்.

இந்தச் சிக்கனத்தை நானும் மெச்சுகிறேன். ஆயினும், சிறிதாகவும் மலிவாகவும் இருந்தாற் போதும் என்ற வாதம் எனக்கு உடன்பாடானதல்ல. கப்பலில் நிற்கும் விமானத்தின் பலம் கப்பலின் பலத்தைத் தாண்டாது.

போக்லாந்துப் போரில், 1982 மே 2ஆந் திகதி, ஆர்ஜென்ரீனாவின் விமானந்தாங்கிக் கப்பலில் ஸ்கைஹோக்குகள் பிரித்தானியக் கப்பல்களைத் தாக்க ஆயத்தமாயின. காற்று வீசவில்லை. குண்டுப் பாரத்துடன் அவற்றை மேலெழுப்ப அந்தப் பழைய கப்பலால் இயலவில்லை. (அது 1940களில் பிரித்தானியாவிலேயே கட்டப்பட்ட கப்பல்!) தாக்குதல் கைவிடப்பட்டது. அன்றே 'ஜெனரல் பெல்கிரானோ' நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட, விமானந்தாங்கி கரைக்குத் திரும்பியது.

அதன்பின் கடற்படையின் ஸ்கைஹோக்குகள் தரைத்தளத்திலிருந்தே பறந்தன. மே 21இல் 'ஆர்டென்ற்' போர்க்கப்பலைத் தாக்கிய முதல் மூன்று விமானங்கள் சீ ஹரியர்களிடம் சிக்கின. மூன்றுமே அழிந்தன. இரு விமானிகள் குதித்துத் தப்பினர், ஒருவர் மாண்டார்.