மலைச் சாரலும் குர்பானிக் கத்தியும்

 

நீலகிரியில் வாழும் நம் இல்லங்களில் ஹஜ்ஜுப் பெருநாள் காலையில் நேரும் ஒரு சங்கடத்தை நீங்களும் அறிந்திருப்பீர்கள். சென்ற ஆண்டு சுற்றி வைத்த குர்பானிக் கத்தியைப் பிரித்தால், செம்பழுப்பு நிறத்தில் துருவேறிக் கிடக்கும். ஆடு வாசலில் நிற்க, வீட்டார் சாணைக்கல்லைத் தேடி அலைவார்கள்.

இது வெறும் வீட்டு வேலைக் குறையன்று. அறுப்பவர் தம் கத்தியை நன்கு தீட்டி, பிராணியின் வேதனையைக் குறைக்க வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் அது பதிவாகியுள்ளது. துரு அரித்த விளிம்பில் நுண்ணிய பள்ளங்கள் விழுந்துவிடும். அத்தகைய கத்தி அறுக்காது, இழுக்கும். அந்த வேதனை வாயில்லா ஜீவனுக்கு.

நாம் இரும்புக் கத்தி என்று அழைப்பது உண்மையில் கரி கலந்த எஃகாகும். எவர்சில்வரில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருப்பதால் அது எளிதில் துருப்பிடிப்பதில்லை. கரி எஃகுக்கு அந்தக் காப்பு இல்லை; ஆயினும், கல்லில் சிறிது தீட்டினாலே நல்ல கூர் ஏறிவிடும். தோடருக்கும் படகருக்கும் கத்தியும் அரிவாளும் அடித்துக் கொடுத்த கோத்தர்களின் உலைக்களங்கள் இருந்த மலை இது. இரும்பும் இங்கே பழையது, பனிமூட்டமும் பழையது.

2024இல் ஜூன் 17 அன்றும், 2025இல் ஜூன் 7 அன்றும் பெருநாள் வந்தது. அந்த நாட்களில்தான் கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. அது ஓய்ந்தால் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழை. பெருநாளன்று எடுத்து வைத்த கத்தி இரண்டு மழைக்காலங்களைப் பெட்டிக்குள்ளேயே கழிக்கிறது. இரத்தத்திலுள்ள உப்பும் சிறிது ஒட்டியிருந்தால் துருவுக்கு வேறு துணை வேண்டுமா?

எனவே வேலை முடிந்தவுடன் கத்தியை வெந்நீரில் கழுவி, உலர்ந்த துணியால் துடையுங்கள். நீரில் ஊறவிடாதீர்கள். அடுப்பருகே சிறிது நேரம் வைத்து ஈரத்தைப் போக்கலாம். தணலில் காட்டினால் எஃகின் பதம் கெட்டு, கூர் நிற்காது. பின்னர் தேங்காய் எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசுங்கள். உதகைக் குளிரில் அது உறைந்திருக்கும், இளஞ்சூட்டில் உருக்கிக்கொள்ளுங்கள். சூரியகாந்தி எண்ணெய் நாளடைவில் பிசுபிசுப்பாகிவிடும். எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். தோலுறையும் செய்தித்தாளும் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அவை வேண்டாம்.

வெங்காயமும் எலுமிச்சையும் நறுக்கும் அன்றாடக் கத்தியில் சாம்பல் கலந்த கருநிறம் படர்ந்தால் அஞ்ச வேண்டாம். அது துருவைத் தடுக்க ஓரளவு உதவும்; தேய்த்து அகற்றாதீர்கள். செந்நிறமாக உதிர்வதே துரு. அதன்மேல் புளியைத் தடவிச் சிறிது நேரம் கழித்துத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். உடனே கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசிவிடுங்கள்.

புழங்கும் கத்தியைவிட உறங்கும் கத்தியைத்தான் துரு எளிதில் பற்றுகிறது. ஆகவே இவ்விதழ் உங்கள் கைக்கு வரும் நாளில், மாதம் ஒருமுறை, அந்தத் துணியைப் பிரித்துப் பாருங்கள். எண்ணெய் காய்ந்திருந்தால் மீண்டும் பூசுங்கள். பெருநாளுக்கு முந்தைய நாளே தீட்டி வையுங்கள். பிராணியின் கண்முன்னே தீட்டுவது ஆகாது.

ஆண்டுக்கு ஒருநாள் நம் கையில் ஒப்படைக்கப்படும் ஓர் உயிருக்கு நாம் செய்யும் இரக்கம், மழை பெய்யும் இந்த மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது. அல்லாஹ் நம் குர்பானியை ஏற்றருள்வானாக! ஆமீன்.